பதினான்காம் கணக்கில் இருக்கும் பூனை

ஜூன் 30, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே புழுக்கம். ஃபேன் ஓடுகிறது, காற்றுதான் இல்லை. ஆற்றுப் பக்க ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் வேக்காடு. மூடிவிட்டு வேகிறேன்.

இன்றைய வேலை: பயிற்சிக் கணக்குப் புத்தகத்துக்கு விடைக்குறிப்பு எழுதுவது. முப்பது கணக்கு. பாதி எண்ணியல்: மீதி, வகுஎண், எல்.சி.எம். வகையறா. மீதிப் பாதி பன்னாட்டு நிதி: நாணய மாற்று, ஃபார்வர்டு ரேட். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு. தி.நகர் சென்டரில் எனக்கு இது பதினாறாவது வருடம். புத்தகம் போன வாரமே அச்சாகி எல்லார் கையிலும் இருக்கிறது. நான்தான் லேட். நடேசன் சார் (சென்டர் ஓனர்) மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்.

நான் போடும் கணக்கு தனி என்று பிள்ளைகள் சொல்வார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. எண்ணை நான் இட்டுக்கட்டுவதில்லை. இட்டுக்கட்டினால் எல்லாம் ஐந்திலும் பத்திலும் வந்து நிற்கும், சாதத்தைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கும். வீட்டில் என்ன நடக்கிறதோ அதை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போடுவேன். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, வீட்டு வேலைக்கு வரும் செல்வி எத்தனை நாளுக்கு ஒரு தடவை லீவு. கொட்டிவாக்கத்துத் தோழி ரேவதியின் புருஷன் மஸ்கட்டில் இருப்பதால் அவளை வைத்து மட்டும் பத்து கணக்காவது போட்டிருப்பேன். "மேடம் கணக்கைப் படிச்சா மேடம் வீட்டு ரேஷன் கார்டே கிடைக்கும்" என்று ஒரு பேட்ச் கேலி பண்ணும். எனக்கு அதில் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்தத் தடவை 14ஆம் கணக்குதான் என் செல்லம். இங்கே எழுதி வைக்கிறேன்:

ஒரு வீட்டில் ஆசிரியை, பணிப்பெண், வாட்ச்மேன். ஜூன் 1 முதல் நாள். ஆசிரியை 3ஆம் நாள் முழுக்க வெளியே, பிறகு நான்கு நாளுக்கு ஒரு முறை அப்படியே. பணிப்பெண் 4ஆம் நாள் வரமாட்டாள், பிறகு ஐந்து நாளுக்கு ஒரு முறை. வாட்ச்மேனுக்கு 4ஆம் நாள் லீவு, பிறகு ஏழு நாளுக்கு ஒரு முறை. வீட்டில் பூனை மட்டும் தனியாக இருக்கும் முதல் நாள் எது?

விடை 39. அதாவது ஜூலை 9. அழகாக வருகிறது.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. சுதா இருக்கிறாள். என் தங்கை, ஏப்ரல் கடைசியிலிருந்து. வாசலுக்குக்கூட வருவதில்லை, ஜன்னல் திரையை விலக்குவதில்லை, குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. அதனால்தான் பூனை என்று போட்டேன். அவளிடம் காட்டினால் சிரிப்பாள் என்று நினைத்தேன். காட்ட நேரம் வரவில்லை.

வாங்க: பால் பாக்கெட் 2, சிவப்பு மை, சுதாவுக்கு விரல் பேண்டேஜ்.


ஜூலை 1, புதன்

முழுநாள் வகுப்பு. கீழே பாத்திரக்கடையில் ஏதோ தள்ளுபடி, படியேற வழியில்லை. ஒரு அம்மா இட்லிக் குண்டானைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க தள்ளுங்க" என்று வந்தார்கள். நானும் அவர்கள் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

விடைப் பெட்டியைத் திறந்தேன். மாடிப்படி முடிகிற இடத்தில் மாட்டியிருக்கும் மரப்பெட்டி. பிள்ளைகள் கணக்கைப் போட்டு அதில் போட வேண்டும், மேலே ரோல் நம்பர். நாற்பத்தொரு தாள். ஒன்றில் ரோல் நம்பர் இல்லை. முப்பது கணக்கில் இரண்டுக்கு மட்டும் விடை.

கணக்கு 9: 2,340. அது விடையே இல்லை, கணக்கில் நானே கொடுத்திருக்கும் எண்.
கணக்கு 14: 39.

அவ்வளவுதான். விடைக்குக் கீழே மூன்று கோடு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக்கொடுப்பது இரண்டு கோடு. பதினாறு வருடத்தில் மூன்று கோடு போட்டவன் ஒருத்தன்தான். "ரெண்டு கோடுன்னா விடை வந்துடுச்சுன்னு அர்த்தம் மேடம். மூணு கோடுன்னா சரிபார்த்துட்டேன்னு அர்த்தம்." அவனுடைய நோட்டைத்தான் இன்றைக்கும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாடல் நோட்டு என்று காட்டுகிறேன். பிரபாகர். சுதாவின் புருஷன்.

சிங்கப்பூரில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரில் இருப்பவன் உஸ்மான் ரோடு சந்தில் பெட்டியில் தாள் போட முடியாது.

மதியம் என்ன வகுப்பு எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். சுதாவிடம் சொல்லவில்லை. வெண்டைக்காய்ப் பொரியல் பண்ணி வைத்திருந்தாள். உப்பு இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.


ஜூலை 2, வியாழன்

வாட்ச்மேன் துரைக்கு இன்று லீவு. கேட்டை நானே பூட்டினேன். மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

இனி பேர் எழுத வேண்டாம். சு. போதும். (இந்த நோட்டில் இத்தனை நாள் முழுப்பெயர் எழுதிவிட்டு இன்றைக்கு ஞானம்.)

நடேசன் சாருக்கு போன். படிக்கட்டில் கேமரா உண்டா?

"இருக்கு மேடம், ஆனா அது பாத்திரக்கடைக்காரர் போட்டது. அவர் கல்லாவைத்தான் பார்க்கும். ஏன், ஏதாவது காணோமா?"

இல்லை என்றேன். புத்தகம் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று கேட்டேன்.

"பிடிஎஃப் போட்டு பழைய ஸ்டூடண்ட்ஸ் குரூப்புலயும் அனுப்பிட்டேன். நம்ம பேர் பரவட்டும்னுதான். எல்லாரும் உங்க கணக்கைப் பார்த்துட்டு அப்படியே இருக்காங்க மேடம்னு போடறாங்க."

அப்படியே இருக்கிறேன். அதுதான் பிரச்சினை.

ஒன்பதாம் கணக்கை எடுத்துப் படித்தேன், வேறு யாரோ எழுதியது போல. "கொழும்பு வழியாகச் சென்னை வரும் பயணியிடம் 2,340 சிங்கப்பூர் டாலர் இருக்கிறது. கொழும்பில் இலங்கை ரூபாயாக்கி, இங்கே வந்து இந்திய ரூபாயாக்குவது லாபமா, நேராக மாற்றுவது லாபமா?" மூன்று நாணயம் சுற்றி வரும் கணக்கு, பிள்ளைகள் பொதுவாகச் சறுக்கும் இடம். எண் வேண்டியிருந்தது. சு. கொண்டுவந்தது 2,340. கட்டில் டிராயரில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பியவள், கொழும்பு ஏர்போர்ட் பாத்ரூமில் உட்கார்ந்துதான் எண்ணியிருக்கிறாள். பாண்டி பஜாரில் மாற்றிக்கொடுத்தது நான். ரசீதைப் பார்த்ததும் ஆஹா, நல்ல முரட்டு எண் என்று தோன்றியது. இதைத்தான் நினைத்தேன். தங்கை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், நான் நல்ல எண் என்று நினைத்திருக்கிறேன்.

டிராயரில் எவ்வளவு இருந்தது என்று அவனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவன்.


ஜூலை 3, வெள்ளி

சாயங்காலம் நாலு தூறல். தரை நனையவில்லை, சூடுதான் கிளம்பியது.

சு.விடம் சொல்லிவிட்டேன். தாளைக் காட்டினேன். கோடுகளைப் பார்த்தாள். எண்ணவில்லை, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தாளை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"2,340ன்னா எழுதின?"

"ஆமாம்டி."

"ரெண்டாயிரம்னு போட்டிருக்கலாம் இல்ல? மூவாயிரம்னு?"

அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். அதெல்லாம் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பூனைன்னு என்னைத்தான் போட்டியா?" என்றாள். தலையாட்டினேன். சிரிக்கவில்லை.

அவள் இடது சுண்டுவிரல் மடங்காது. கதவிடுக்கில் வைத்து மூடினான். கடைக்குப் போய்வர இருபத்தைந்து நிமிடம் என்று எழுதி வைத்திருப்பானாம், அன்றைக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது. ஆறு நிமிடத்துக்கு ஒரு விரல். கத்தவே மாட்டான், அது வேறு. "அடுத்த தடவை விரலோட நிக்காது" என்று தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னானாம். அடுத்த வாரம் கிளம்பிவிட்டாள்.

எட்டு வருடம் முன்னால் நான்தான் அறிமுகம் பண்ணினேன். பத்தாம் கணக்கில் சந்தேகம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வாசலில் வந்து நின்றான். சட்டைப் பையில் இரண்டு பேனா. "மேடம், ஒரு டவுட்." சு.தான் காபி கொண்டுவந்து வைத்தாள். இவ்வளவு ஒழுங்கான பையன் எங்கே கிடைப்பான் என்று அம்மாவிடம் சொன்னது நான். மாடல் மாப்பிள்ளை.

என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.


ஜூலை 4, சனி

செல்வி வரவில்லை. அவளுக்கு ஐந்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் நாள். முன்னால் ஆற்றோரம் இங்கேயே இருந்தவள், வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே அவள் பிளாக்குக்கு முறை வைத்துத்தான் லாரி. அன்றைக்கு வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த ஐந்து நாள் வறட்சி. இதைக்கூட நான் கணக்காக்கி இருக்கிறேன்.

ஸ்டேஷனுக்குப் போனேன். சு. வரமாட்டேன் என்றுவிட்டாள். தாளை எஸ்.ஐ. அம்மாவிடம் காட்டினேன். நல்ல மாதிரி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இதுல மிரட்டல் எங்கம்மா இருக்கு?"

விளக்கினேன். நாற்பது நிமிடம். போர்டு இருந்தால் எழுதியே காட்டியிருப்பேன்.

"நீங்க கணக்கு குடுத்தீங்க, அவர் விடை எழுதிட்டார். நான் என்னன்னு எஃப்.ஐ.ஆர். போடறது? உங்க தங்கச்சி வந்து கம்ப்ளெயின்ட் குடுக்கட்டும். உடனே எடுக்கறேன். இந்தாங்க என் நம்பர், வாசல்ல நின்னாலே கூப்பிடுங்க, வண்டி அனுப்பறேன்."

தப்பு சொல்ல முடியாது. வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தேன். ஐஸ் போடாதே என்று சொல்ல மறந்துவிட்டேன், இப்போது தொண்டை கரகர.


ஜூலை 5, ஞாயிறு

வகுப்பு. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. செல்வியை நாள் முழுக்க வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனேன்.

பெட்டியில் ஒன்றும் இல்லை. நிம்மதி வரவில்லை.

14ஆம் கணக்கைப் போர்டில் போட்டேன். ஒன்பது ஒன்று ஏழு மாதிரி விழுந்தது. 4க்கும் 5க்கும் சேர்ந்து 19, 39, 59. அதில் ஏழுக்கு ஒத்துவருவது 39. இரண்டு கோடு போட்டேன். முதல் பெஞ்ச் காயத்ரி கை தூக்கினாள்.

"மேடம், இதை ஒரு அண்ணா எனக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டாங்க. கீழ டீக்கடையில. உங்க பழைய ஸ்டூடண்ட்டாம். சூப்பரா சொல்லிக் குடுத்தாங்க."

எப்போது?

"போன புதன். உங்களை ரொம்ப விசாரிச்சாங்க. இன்னும் கோட்டூர்புரம்தானான்னு கேட்டாங்க. ஆமான்னேன். தப்பா மேடம்?"

தப்பில்லை என்றேன். அந்தப் பிள்ளை முகம் சுண்டிப்போய்விட்டது, பாவம். வேறு என்ன கேட்டான்?

"ரேவதி மேடம் இப்பவும் உங்க ஃப்ரெண்டான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னேன்."

ரேவதியும் முன்னால் சென்டரில் ஆங்கிலம் எடுத்தவள்தான். பழைய டீச்சர்களை விசாரித்திருக்கிறான்.


ஜூலை 6, திங்கள்

செல்வி வரும்போதே முகம் சரியில்லை. பாத்திரத்தைத் தொடாமல் சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, உங்கூட்ல பூனை கீதா இன்னா?"

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"இப்ப கேட்டாண்ட ஒர்த்தன் தொர அண்ணன்கிட்ட பேசிக்கினு இருந்தான். டீசன்ட்டா கீறான், கண்ணாடி போட்டுக்கினு. ரெண்டாவது மாடில பூனை வளக்கறாங்களே, எப்டி கீதுன்னு கேக்கறான். தொர அண்ணன் அங்க பூனையே கெடையாது சார்னு சொல்லிச்சு. அதுக்கு சிரிக்கறான்கா. எனக்கு அந்த சிரிப்பே புடிக்கல."

கீழே ஓடினேன். போய்விட்டான். துரை கேட்டார், "ஏம்மா, அவரு உங்ககிட்ட படிச்சவராமே? வியாழக்கிழமை எனக்கு லீவுதானேன்னு கேட்டாரு. ஆமாம் சார்னேன்."

மாடி ஏறினேன். சு. ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். உள்ளே போய்ப் பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். ஏப்ரலில் கொண்டுவந்த அதே சின்னப் பை.


ஜூலை 7, செவ்வாய்

வெயில். மயிலாப்பூர் போய்ப் புதுப் பூட்டு, உள்தாழ்ப்பாள். கடைக்காரர், "இத ஒடைக்கணும்னா கதவைத்தான் ஒடைக்கணும்" என்றார். அதையும் யோசித்தாகிவிட்டது ஐயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திட்டம்:

1. வியாழக்கிழமை வகுப்பு கிடையாது. நடேசன் சாரிடம் காய்ச்சல் என்றேன். தொண்டையும் ஒத்துழைத்தது.
2. துரை லீவு எடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "நாக்க அறுத்துக்கலாம்னு இருக்கும்மா" என்றார்.
3. செல்வி தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. "பக்கத்து ஊட்டு அக்கா ரெண்டு கொடம் புட்சி வெக்கும். அது போதும். அவன் வரட்டும், தொடப்பக்கட்டயாலயே கணக்கு சொல்லித் தர்றேன்."

மூன்று நிபந்தனையையும் உடைத்தாகிவிட்டது. இப்போது 39 என்பது விடையே இல்லை. முதல் தடவையாக மூச்சு சரியாக வந்தது.

சு.வை மட்டும் இங்கே வைத்திருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது. எங்கே? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ரேவதி வீடு. ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் நான் பதினொரு நாள் அங்கேதான் இருந்தேன். கீழ்வீட்டில் பைப் உடைந்தபோதும் அங்கேதான். போன் பண்ணினேன். "இதுக்கெல்லாம் பர்மிஷன் கேப்பியா? கூட்டிட்டு வாடி" என்றாள்.

காயத்ரி சொன்னது ஒரு கணம் உறுத்தியது, ரேவதியைக் கேட்டானே என்று. ஆனால் அவனுக்கு ரேவதி முகத்தைத் தெரியுமே தவிர வீடு தெரியாது. கல்யாணத்துக்கே அவள் வரவில்லை, அப்போது மஸ்கட்டில் இருந்தாள். அதனால் சரி.


ஜூலை 8, புதன்

காலை பத்து மணிக்கு ஆட்டோ. சு. துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஒரு வண்டியும் பின்னால் வரவில்லை. அடையாறு சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவன் இவளைப் பார்த்ததற்கு நான் முறைத்த முறைப்பில், பாவம், அவன் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

கொட்டிவாக்கம். ரேவதி வீட்டு பால்கனியில் கடல் கொஞ்சம் தெரியும், இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு முழம். சு. அங்கே போய் நின்றாள். இரண்டு மாதமாகத் திரையை விலக்காதவள் காற்றில் நின்றாள். துப்பட்டா பறந்து முகத்தில் அறைந்தது, சிரித்தாள். நிஜமான சிரிப்பு. ரேவதி மீன் வறுத்திருந்தாள். மூன்று பேரும் தட்டில் எலும்பைக் குவித்துக்கொண்டு பழைய கதை பேசினோம்.

நாளைக்கு ரேவதிக்குப் பள்ளியில் அரைநாள் வேலை, தள்ள முடியாது. ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். "உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு டி.வி. பாருடி, யார் வரப் போறா இங்க" என்றாள்.

கிளம்பும்போது சு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். மடங்காத விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, நாளைக்கு சாயங்காலம் நானே உன்கூட ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுக்கறேன். போதும் இது."

வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், சந்தோஷத்தில். ஆட்டோக்காரர் என்ன நினைத்தாரோ.


ஜூலை 9, வியாழன். 39ஆம் நாள்

காலை 8.10. செல்வி ஏழுக்கே வந்துவிட்டாள். துரை கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் குடை. மேகமூட்டம். சு.வுக்கு போன், இட்லி சாப்பிட்டுவிட்டாளாம். ரேவதி கிளம்பிவிட்டாளாம்.

9.30. ஒன்றும் இல்லை. கொரியர் வந்தது, எதிர் வீட்டுக்கு. செல்வி துடைப்பத்தோடு போய் நின்றாள். கொரியர்காரர் மிரண்டு போய்க் கையெழுத்துகூட வாங்காமல் ஓடிவிட்டார்.

10.40. ஒன்றும் இல்லை. எஸ்.ஐ. அம்மா தாமே போன் பண்ணிக் கேட்டார்கள். சாயங்காலம் தங்கையோடு வருகிறேன் என்றேன்.

11.15. சும்மா உட்கார முடியவில்லை. பழைய ஷெல்ஃபைத் துடைத்தேன். மாடல் நோட்டு கையில் வந்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டினேன், பதினாறு வருடப் பழக்கம், கணக்கைப் பார்க்காமல் கிழிக்கக் கை வரவில்லை.

கணக்கு 22. என் கணக்கு, வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருடம் போட்டது:

ஆற்றோரம் வசிக்கும் கமலா, தன் வீட்டுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் கடலோரத்தில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய்விடுவாள். தோழியின் கணவர் மஸ்கட்டிலிருந்து மாதம் 310 ரியால் அனுப்புகிறார். கொட்டிவாக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருக்கும் அந்த இரண்டாம் மாடி ஃபிளாட்டின் மாதத் தவணை...

கீழே அவன் கையெழுத்தில் விடை. மூன்று கோடு.

ஓரத்தில் பென்சிலில், பத்து வருடம் முந்தைய பென்சில், மங்கலாக: மேடம் ஆபத்துன்னா எங்க போவாங்கன்னு தெரிஞ்சு போச்சு. பக்கத்தில் சிரிக்கிற பொம்மை முகம். இந்தப் பக்கத்தை எத்தனை பேட்ச்சுக்குக் காட்டியிருப்பேன். எத்தனை தடவை நானே சிரித்திருப்பேன்.

அவன் என் கணக்குக்கு விடை எழுதவில்லை. எனக்குக் கணக்கு கொடுத்திருக்கிறான். பெட்டியில் போட்டது, டீக்கடையில் பேசியது, பூனையைக் கேட்டது, எல்லாம் நான் பயந்து சு.வை எங்கே நகர்த்துவேன் என்று பார்க்க. நானும் ஒழுங்காகப் போட்டு முடித்து, ஆட்டோ வைத்து, கொண்டுபோய் விட்டிருக்கிறேன். தனியாக. ஒரு மணி வரைக்கும்.

11.20. சு. எடுக்கவில்லை. நான்கு தடவை.

11.24. ரேவதி வகுப்பில், போன் அணைத்திருக்கிறாள். எஸ்.ஐ. அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்புகிறதாம். துரை ஆட்டோ பிடித்துவிட்டார். செல்வியும் ஏறிவிட்டாள், துடைப்பம் கையிலேயே இருக்கிறது.

11.50. ஆட்டோவில். திருவான்மியூர் சிக்னல். எழுத்து கோணல். கையை எதிலாவது வைக்காவிட்டால் கத்திவிடுவேன் போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சிவப்பு விளக்கில் 84 என்று காட்டுகிறது. 83. செல்வி டிரைவரிடம், "போ நைனா, சிக்னல்லாம் பாக்காத, நான் சொல்றேன் போ." முன்னால் பஸ் நிற்கிறது.

இரண்டாயிரம் என்று போட்டிருக்கலாம். மூவாயிரம் என்று போட்டிருக்கலாம்.

61.

போன் அடிக்கிறது. சு. நம்பர்தான். கடவுளே, கூப்பிட்டுவிட்டாள்.

டி.வி. சத்தம் கேட்கிறது. கடல் காற்று கேட்கிறது. சுதா, சுதா என்று கத்தினேன்.

"மேடம், ஒரு டவுட்."